முதல் படியிலேயே நின்றுபோன செய்தி

அத்தாயா, கெர்கென்னாத் தீவு
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு

என் கண்ணான மகள் ரௌதாவுக்கு,

அப்பா ஃபரஜ் எழுதுகிறேன். நீயும் குழந்தை யுஸ்ராவும் அந்தப் புழுதிக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் நல்ல உடம்போடு இருக்க ஆண்டவன் காவல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதாமல் உயிரோடு என்று எழுதியிருக்கிறேனே என்று பயப்படாதே, காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். உன் அம்மா மஹ்பூபா உயிரோடு இருக்கிறாள், இந்த நிமிஷம் முற்றத்தில் கணவாயைக் கல்லில் அடித்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் எனக்குக் கேட்கிறது. உன் தம்பி ஹாத்திம் உயிரோடு இருக்கிறான், படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறான், இன்னும் கல்யாணம் வேண்டாம் என்கிறான். எனக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான், அது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. போனில் பேசலாமே என்று கேட்பாய். நீ பிரசவம் பார்க்கிற அகதி முகாமில் போன் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் அறுந்துபோகிறது, நான் சொல்லப்போவது அறுந்து அறுந்து சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை. பாதியில் நின்ற செய்தி என்ன செய்யும் என்று இந்த மாதம் இந்த வீடு பார்த்துவிட்டது. அதனால்தான் துனிஸிலிருந்து உங்கள் முகாமுக்கு வரும் டாக்டர் லம்யாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு மூட்டை வரும். வறுத்த பார்லி மாவு, எண்ணெய், மிளகாய் விழுது, காய்ந்த கணவாய். மாவை எண்ணெயும் பேரீச்சம்பழமும் போட்டுப் பிசைந்து குழந்தைக்குக் கொடு. அதிலும் மணல் இருக்கிறது என்று அவள் துப்பினால் அது உங்கள் ஊர் மணல், எங்கள் ஊர் மணல் இல்லை.

நீ எழுதிய கடிதத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தோம், அதாவது நான் படித்தேன், அவள் அழுதாள், பிறகு நான் அழுதேன், அவள் திட்டினாள். ஊரார் பிள்ளைகளையெல்லாம் உலகத்துக்குக் கொண்டுவருகிறேன், என் பிள்ளையை இன்னொருத்தி முதுகில் கட்டிவைத்திருக்கிறேன், நான் என்ன தாய் என்று எழுதியிருந்தாய். சம்பளமில்லாமல் தொண்டு செய்யப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் கத்தியது நினைவிருக்கும். புருஷனைத்தான் விட்டுவிட்டு வந்தாய், வீட்டையும் விட்டுவிட்டுப் பால் குடிக்கிற பிள்ளையோடு பாலைவனத்துக்கா என்று கத்தினேன். அப்பவே சொன்னேனே என்று இன்றைக்கு எழுதமாட்டேன், எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போன புதிதில் யுஸ்ரா கொசுவலைக்குள் படுக்க மாட்டாள், காற்றடித்தால் கூடாரத்துக் கம்பைக் கட்டிக்கொண்டு அலறுவாள், பிற பிள்ளைகளைக் கடிப்பாள் என்று எழுதினாய். நீயும் ஓர் ஆள் பேச்சுத் துணை இல்லாமல் சுவரோடு பேசுகிறேன், சுவரும் துணிதான் என்று எழுதினாய். இப்போது அவள் செருப்பே போடமாட்டாள், களியைக் கையால் வழித்துத் தின்கிறாள், அந்த ஊர்ப் பேச்சில் உன்னையே அதட்டுகிறாள் என்கிறாய். இந்த மாற்றத்தை அவளுக்கு யார் கொடுத்தது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உனக்கு மலேரியா வந்து பால் வற்றிப்போய்ப் பாயோடு பாயாகக் கிடந்தாயே, அப்போது அடுத்த கூடாரத்துக் கல்தூம் தன் பையன் அப்கரை ஒரு பக்கமும் நம் யுஸ்ராவை ஒரு பக்கமும் போட்டுப் பால் கொடுத்து இரண்டையும் காப்பாற்றினாள். அந்தச் செய்தி வந்த அன்று உன் அம்மா ஆடிய ஆட்டம் உனக்கு முழுதாகத் தெரியாது. "யாரு எவன்னு தெரியாத ஒருத்தி பாலா? நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு யாரு அண்ணன், யாரு தம்பி, யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாதுன்னு நான் வரைபடம் போட்டுவச்சிட்டா தேடுவேன்?" என்று கேட்டாள். "ஒரு மாப்பிள்ளைதானே குறைஞ்சான், உலகத்துல மிச்சம் இருக்காங்க" என்று நான் சொன்னதற்கு அன்றைக்கு எனக்குக் காபி கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் அவளே, பால் கொடுத்தவள் தாய்தான், அவள் புருஷன் தகப்பன்தான், அந்தப் பையன் என் பேத்திக்கு உடன்பிறப்புதான், ஒரு வாய் குடித்தாலும் அதுதான் சட்டம் என்று பக்கத்து வீட்டில் சண்டைக்குப் போகிறவளைப் போலச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நீ போன் செய்தால் முதலில் யுஸ்ராவைக் கேட்பாள், இரண்டாவது அப்கரைக் கேட்பாள், மூன்றாவதாகத்தான் உன்னைக் கேட்பாள்.

கல்தூம் உன்னோடு ஒட்டிக்கொண்டதே நம் ஊர்ப் பெயரால்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீ ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தீவுக்காரி என்றதும் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்காரர் கடைசியாப் பேசினது ஸ்ஃபாக்ஸ்லருந்துதான், உங்க ஊர்த் தண்ணியைத்தான் அவர் குடிக்கிறார், அப்ப நீ எனக்கு உறவுதான்" என்று சொன்னாளாம். அப்படிப்பட்டவள் மழைக்காலத்து வாந்திபேதியில் ஒரே ராத்திரியில் போய்விட்டாள். பிரசவத்துக்குக் கை கொடுக்கிற உன் கையால் அவள் வாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருந்தாய், அந்த வரியை உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை, தாண்டிப் போய்விட்டேன். அதற்கு அடுத்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்கர் அம்மா எங்கே என்று கேட்டானாம், நீ அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இருக்கிறாள் என்று சொன்னாயாம். மூன்று வயது நிரம்பாத பையன், அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் ஆஸ்பத்திரிக் கூடார வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறான், வெயில் ஏறி யாராவது தூக்கிக்கொண்டு வரும்வரை வருகிற போகிற பெண்களின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனைப் பார்த்து யுஸ்ராவும் போய் உட்காருகிறாள். என்னிடம் இரண்டு கேட்டிருந்தாய். அவனுடைய அப்பா இஸ்ஹாக்கைத் தேடிக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொல்லுங்கள் என்பது ஒன்று. வசந்த காலத்தோடு உன் தவணை முடிகிறது, நீ கிளம்பினால் பையன் யாருக்கு என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உட்கார்ந்து படி. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

நீ அனுப்பிய இஸ்ஹாக்கின் படத்தை ஹாத்திமின் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு ஸ்ஃபாக்ஸுக்குப் போனேன். ஊருக்கு வடக்கே ஆலிவ் தோப்புகளில் கடல் தாண்டப் படகுக்குக் காத்திருக்கிறவர்கள் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்களே, அங்கே போய் மரம் மரமாகக் கேட்டேன். என்னைப் போலீஸ் என்று நினைத்துப் பாதிப் பேர் ஓடினார்கள், படகு ஏற்றிவிடுகிற தரகன் என்று நினைத்துப் பாதிப் பேர் சுற்றிக்கொண்டார்கள், இந்த முழங்காலோடு தடுக்கித் தடுக்கி நடக்கிறவனைப் பார்த்தால் இரண்டில் எதுவாகவாவது தெரிகிறதா சொல். பல தரம் வெறுங்கையோடு திரும்பினேன். கடைசியில் அங்கே தேநீர் விற்கிற ஒரு சூடான்காரப் பெண், படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "இவரா? இவர் இங்க இல்லியே பெரியவரே, உங்க தீவுலதான் இருக்காரு, கடலோரம் ஓலை சுமக்கிறாரு" என்றாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடிய கதைதான். என் கூட்டாளி ஷத்லி மீனை மடக்கிப் பிடிக்கக் கடலுக்குள் வேலி போடுவதற்குப் பேரீச்ச மட்டை வாங்குகிறானே, அதை வண்டியிலிருந்து இறக்குகிற ஆட்களில் ஒருவனாக, நான் தினம் சலாம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிற மனிதனாக அவன் இருந்திருக்கிறான். நெட்டையானவன், பேச்சு மெதுவாக வரும், எதிரில் நிற்கிறவருடைய கண்ணைப் பார்க்காமல் மரியாதையாகத் தரையைப் பார்த்துப் பேசுவான். என் மகள் உன் வீட்டுப் பக்கத்துக் கூடாரத்தில் இருக்கிறாள் என்று சொன்னதும் மட்டைக் கட்டைப் போட்டுவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் போன் பறிபோய் மாதக்கணக்காகிறதாம், அதனால்தான் பேச்சில்லை. உடனே அங்கேயே கேட்டான், "கல்தூம் எப்படி இருக்கா அய்யா?" என்று. ரௌதா, கடற்கரையில், கூலியாட்கள் நடுவில், வெறும் வயிற்றோடு நிற்கிற மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது? நம் வீட்டில் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? சாயங்காலம் வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசுவோம் என்றேன்.

வந்தான். கை கால் கழுவி, சுத்தமான சட்டையை யாரிடமோ வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் கடலையோடு வந்தான். உன் அம்மா மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் செய்து, அவன் பக்கம் பெரிய துண்டாகத் தள்ளி வைத்தாள். அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டான், அதோடு முடிந்தது, அவள் இளகிவிட்டாள். சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன்பு அவன் சொன்ன ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குளிரில் படகு ஏறமாட்டேன் என்றான். தரகன் தினமும் கூப்பிடுகிறான், தகரத்தை ஒட்டிச் செய்த படகு, அதில் ஏறுகிறவன் பைத்தியக்காரன், மட்டை சுமந்து நாலு காசு சேர்த்து வெயில் காலத்தில் யோசிப்பேன், முடியாவிட்டால் திரும்பிப் போய் மகனைப் பார்ப்பேன் என்றான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், சாப்பிட்டு முடியட்டும், தேநீர் வரட்டும், பிறகு மெதுவாக ஆரம்பிப்போம் என்று. அதற்குள் அவன் கரண்டியைக் கையில் எடுத்தவன் உன் அம்மாவைப் பார்த்து, "கல்தூம் எப்படி இருக்கா அம்மா?" என்று மறுபடி கேட்டுவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள், "கொஞ்சம் உடம்பு சரியில்லப்பா, நீ முதல்ல சாப்பிடு." அவளைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நம் ஆட்கள் சாவை ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் இல்லை, படிக்கட்டு இறக்குவது போல இறக்குவோம். முதலில் உடம்பு சரியில்லை, அப்புறம் கொஞ்சம் மோசம், அப்புறம் டாக்டர் கைவிட்டுவிட்டார், அப்புறம்தான் ஆண்டவன் அழைத்துக்கொண்டான். உன் பாட்டனார் இறந்ததை எனக்கு இறக்கி முடிக்க என் அண்ணனுக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அதைத்தான் நாம் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். என்ன நோய் என்று கேட்டான், வயிறு என்றாள் இவள். மருந்து இருக்கா என்றான், இருக்கு, எங்க பொண்ணு கூடவே இருக்கா என்றாள். மருந்துக்குக் காசு வேண்டுமே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு நாம் வருத்தப்படுவோமே என்பதற்காகத் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், மீனைத் தொடவில்லை. தேநீர் வந்தது. அப்போதாவது நான் அடுத்த படியை இறக்கியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இவ்வளவு பெரிய துக்கத்தை அடுப்படிப் பாயில் வைத்து நான் ஒருவனாகச் சொல்வது சரியில்லை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இமாமையும் வைத்துக்கொண்டு முறையாகச் சொல்லுவோம், அன்றைக்கு அவனைத் தனியாக விடாமல் நம் வீட்டிலேயே தங்கவைப்போம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை கட்டாயம் வா, பேச வேண்டியது இருக்கிறது என்றேன். சரி அய்யா என்றான். வாசலில் காற்று ஊசியாகக் குத்தியது. உன் அம்மா உள்ளே ஓடிப்போய் என் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துவந்து, அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தலைவழியாக மாட்டிவிட்டாள். உனக்குத் தெரியுமே அந்த ஸ்வெட்டர், முழங்கையில் உன் பள்ளிக்கூட மேலங்கியை வெட்டி நீலத் துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறாளே, துறைமுகமே அதைப் பார்த்து என்னைக் கேலி செய்யுமே, அதுதான். கை அவனுக்குக் கட்டையாக இருந்தது, சிரித்துக்கொண்டே போனான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. நான் பள்ளிவாசலிலிருந்து நேராக அவர்கள் தங்கியிருந்த பாழடைந்த வீட்டுக்குப் போனேன். அவனோடு இருந்த ஒரு பையன் மட்டும் குளிரில் சுருண்டு கிடந்தான். முந்தின இரவே இஸ்ஹாக் படகு ஏறிவிட்டான் என்றான். நான் அவனைத் திட்டினேன், ஏறமாட்டேன் என்றானே என்றேன். அந்தப் பையன் சொன்னது அப்படியே எழுதுகிறேன், "ஏறமாட்டேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனப்புறம்தான், பொஞ்சாதிக்கு உடம்பு சரியில்லை, இங்க மட்டை சுமந்தா மருந்துக்கு எப்பக் காசு சேரும், கடலுக்கு அந்தப் பக்கம் போனா ஒரு வாரத்துல அனுப்பிடலாம்னு சொல்லிட்டு, சேர்த்து வச்சதை எல்லாம் தரகன் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு." நான் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் செத்துவிட்டாள் என்று சொன்னேன், அந்தப் பையனிடம், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனை விட்டுவிட்டு. அவன் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "செத்துட்டான்னு ஏன் சொல்லல நீங்க? எங்க ஊர்ல செத்தா செத்துட்டாங்கன்னுதானே சொல்லுவாங்க? சொல்லியிருந்தா உங்க வீட்டுத் தரையிலயே விழுந்து அழுதிருப்பாரு, மகன்கிட்டத் திரும்பிப் போயிருப்பாரு" என்றான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய், அவனுக்கு ஸ்ஃபாக்ஸில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம் என்றேன். பார், எனக்கும் அந்த நோய்தான்.

அடுத்த வாரம் காற்று இறங்கிய பிறகு ஒரு நாள் மதியம் நான் பின்கட்டில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற கூடு பின்னிக்கொண்டிருந்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு ஷத்லியோடு வேலியில் இருப்பேன், முழங்கால் வலி என்று அன்றைக்குப் போகவில்லை. வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு உன் அம்மா போட்ட அலறல், ரௌதா, நம் வீட்டில் நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. ஊசியோடு ஓடினேன். வாசலில் ஷத்லி, இடுப்புவரை நனைந்து, ரப்பர் பூட்ஸோடு நிற்கிறான், உன் அம்மா நிலைப்படியில் மண்டியிட்டுக் கிடக்கிறாள். ஷத்லி என்னைப் பார்த்தான். பார்த்ததும் அவன் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான், நிறம் வெளுத்துவிட்டது. என்ன நடந்தது என்றால், அவனுடைய மட்டை வேலியில் ஒரு பிணம் வந்து குப்புறச் சிக்கியிருக்கிறது. காவல் படகு வரும்முன் தொடக்கூடாது என்று இந்தத் தீவில் எல்லோருக்கும் பழகிப்போயிற்றே, அவன் தொடவில்லை, ஆனால் முழங்கையில் நீல ஒட்டைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு நானும் வேலைக்கு வரவில்லை. மகனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ஓடிவந்து, உன் அம்மாவிடம், "மஹ்பூபா, ஃபரஜுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, நீ பதறாத" என்று ஆரம்பித்திருக்கிறான். நனைந்த காலோடு, வேலியைப் பாதியில் விட்டுவிட்டு ஒருத்தன் வந்து அப்படிச் சொன்னால் அவளுக்குத் தெரியாதா? மற்ற படிகளை அவன் இறக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் உயிரோடு வந்து நின்றதும் அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள், ஷத்லி நீல ஒட்டு நீல ஒட்டு என்று உளறினான். பிறகு அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அவன்கிட்ட நான் சொன்னதும் இதேதான, ஃபரஜ்? இதேதான சொன்னேன்?" என்றாள்.

இதுதான் உன் முதல் கேள்விக்குப் பதில். அப்கரின் அப்பா இஸ்ஹாக் இறந்துவிட்டார். படி இல்லாமல் எழுதிவிட்டேன். தன் மனைவி இறந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவளுக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போயிருக்கிறார். ஸ்ஃபாக்ஸ் சவக்கிடங்கில் நானும் அந்தப் பையனும் போய் அடையாளம் சொன்னோம். கடல் முகத்தை விட்டுவைக்கவில்லை, ஸ்வெட்டரும் அவர் உயரமும்தான் சாட்சி. ஊர் பேர் தெரியாமல் வருகிறவர்களைத் தனி இடத்தில் எண் போட்டுப் புதைக்கிறார்கள், உனக்குத் தெரியும். உன் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நம் குடும்பத்துக் கல்லறையில், என் அண்ணனுக்குப் பக்கத்தில், எனக்கென்று விட்டிருந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றாள். என் சித்தப்பா மகன் வந்து, "யாரோ ஒரு பரதேசியைக் கொண்டாந்து நம்ம பெரியவங்க நடுவுல வைப்பீங்களா?" என்று கேட்டான். அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "அவன் என் பேத்திக்குப் பால் தகப்பன்டா. நீ அவளுக்கு யாரு? என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப நீயா வந்து பால் குடுத்த?" என்று கேட்டாள், அவன் வந்த வழியே போய்விட்டான். மண் போட ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். ஷத்லி ஒரு சிமெண்டுப் பலகையில் பெயரை எழுதி வைத்திருக்கிறான், இஸ்ஹாக், அப்கருக்கும் யுஸ்ராவுக்கும் தந்தை என்று. எனக்கு இனி எங்கே இடம் என்று கேட்காதே, காலடியில் கொஞ்சம் இருக்கிறது, நான் குட்டைதானே.

இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்ல வழியில்லை, அதனால் நான் சொல்கிறேன். அப்கருக்குச் சித்தப்பனோ மாமனோ அத்தையோ அந்த முகாமிலோ எல்லைக்கு அந்தப் பக்கமோ உயிரோடு இருந்தால், முதலில் அவர்களைத் தேடு. அவர்கள் கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டியதுதான், பால் உறவு பிடுங்கிக்கொள்வதற்கு இல்லை. ஒருவரும் இல்லை என்றால் அவன் நம் பிள்ளை. முகாம் ஆட்களிடம் முறையாகக் கேள், எவ்வளவு நாள் இழுத்தாலும் கேள். தவணை முடிந்தது என்று ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு பிள்ளையை அந்தக் கூடார வாசலில் விட்டுவிட்டு நீ மட்டும் வராதே. நீ வர வேண்டும் என்று இந்த வீட்டில் என்னைவிட யாரும் ஏங்கவில்லை, அம்மாவைக்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறேன், இருந்தாலும் வராதே. அவனோடு வா, இல்லை அவனுக்கு ஒரு வழி ஆகும்வரை அங்கேயே இரு. உனக்குப் பாரம்தான். பேச்சுத் துணை இல்லை, இரண்டு பிள்ளை, பகலெல்லாம் பிரசவம். நீ நல்ல தாயா என்று கேட்டாயே, யுஸ்ரா செருப்பில்லாமல் ஓடுகிறாள் என்றால் அவளுக்கு அந்த மண் பயம் விட்டுவிட்டது என்று அர்த்தம், அது போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும், யார் வீட்டில் சாப்பிட்டாலும் தண்ணீர் உன் வீட்டுத் தண்ணீராக இருக்கட்டும். உன் கொசுவலையில் ஓட்டை இருந்தால் தைத்துக்கொள், மூட்டையில் நைலான் நூல் வைத்திருக்கிறேன். நீயும் சாப்பிடு. பிள்ளைகள் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது சாப்பாடு இல்லை.

உன் அம்மாவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நோய் ஒன்றும் இல்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை, மீன் சமைப்பதில்லை, எங்களுக்குக் கணவாய்தான் தினமும். யாராவது வாசலுக்கு வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாள். நான் அவளிடம் நீ ஒருத்தி சொன்னதால் மட்டும் ஆனதில்லை அது, நான் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டதும் சேர்ந்ததுதான் என்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள். உன் குரல் கேட்டால் தேறுவாள், போன் அறுந்தாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிடு.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் அப்கர் அந்த வாசலுக்குப் போவதற்கு முன்னால் நீ எழுந்துவிடு. இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு கல்தூமைப் புதைத்த இடத்துக்குப் போ. உன் அம்மா இங்கே இருக்கிறாள், செத்துப்போய்விட்டாள், அந்தக் கூடாரத்திலிருந்து வரமாட்டாள் என்று சொல். அழுவான். உன்னை அடிப்பான், அடிக்கட்டும். யுஸ்ராவும் அழுவாள். நீயும் அழு. ஆனால் அதற்கு மறுநாள் அவன் அந்த வாசலில் போய் உட்கார்ந்து வருகிறவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அப்பாவைப் பற்றிக் கேட்கிற அன்று அதையும் இதே மாதிரி சொல். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லாதே, உடம்பு சரியில்லை என்று சொல்லவே சொல்லாதே. அவருக்குப் பெயரோடு ஓர் இடம் இருக்கிறது என்று சொல், வந்தால் தாத்தா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார் என்று சொல். ஹாத்திமிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அவன் உனக்குப் போன் செய்து, அப்பா செத்துவிட்டார் என்று முதல் வார்த்தையாகச் சொல்வான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான் சொல்லிக்கொடுத்தது அது.

உன் கை பட்ட பிள்ளைகளெல்லாம் பிழைக்கட்டும், உன் பிள்ளைகள் இருவரும் உன் கண் முன்னால் வளரட்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதில் பாதி உனக்கு. கணவாய்ச் சத்தம் நின்றுவிட்டது, உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், தான் சொல்வதையும் ஒரு வரி எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்தப் பையன் பெரியவனாகிக் கேட்டா, உங்க அப்பாவை அந்தக் கிழவி குளிர்ல அனுப்பல, ஸ்வெட்டர் போட்டுத்தான் அனுப்புனான்னு சொல்லு."

இப்படிக்கு,
உன் அப்பா ஃபரஜ்,
யுஸ்ராவுக்கும் அப்கருக்கும் தாத்தா